ஏறினால் ஒரு போன், இறங்கினால் ஒரு கூட்டம்

குளுவாங்கிலிருந்து வெளியே போகும் செம்பனைத் தோட்டச் சாலையில், ஒரு சிறிய பாலத்துக்குப் பக்கத்தில், பயற்றங்காய் குவிந்து கிடந்தது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வெறும் குப்பையாகக் கொட்டியிருந்தால் கடந்து போயிருப்பேன். ஆனால் ஒவ்வொரு பிடியும் நுனிகளை ஒரே பக்கமாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. யாரோ பறித்து, தரம் பிரித்து, கட்டி, சாலைவரை தூக்கி வந்து, அதன் பிறகு கொட்டியிருக்கிறார்கள். கூலிக்குக்கூடக் காணாது என்று லோரிக்காரர் ஏற்ற மறுத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் எங்கள் ஊர் மாசாயில், கடையில், என் அம்மா பயற்றங்காயை எடுத்து, விலையைக் கேட்டு, திரும்ப வைத்துவிட்டு வந்து வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார்.

மோட்டாரை நிறுத்திவிட்டு அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மலிந்து கிடக்கும்போது வாங்கி வைக்கவும், தட்டுப்பாடு வரும்போது வெளியே விடவும் நடுவில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அதையே வேலையாகச் செய்ய வேண்டும். அந்த ஆள் நானாக இருந்தால் என்ன?

அடுத்த வாரமே வணிகப் பாடத்திலிருந்து பொருளாதாரத்துக்கு மாறினேன். சாலையோரத்தில் எனக்குத் தோன்றியதற்குப் பாடப் புத்தகங்களில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: நிலைப்படுத்தல். விலையும் வேலையும் வருமானமும் தாறுமாறாக ஆடாமல் பிடித்துக்கொள்வது. பிடித்து நிறுத்துவதல்ல, ஆட்டத்தைக் குறைப்பது. இந்த வேறுபாட்டை எந்தச் சாப்பாட்டு மேசையிலும் அரை மணி நேரம் விளக்கக்கூடியவளாக நான் இருந்தேன். என்னோடு சாப்பிட வருவதை நண்பர்கள் குறைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நான் ஓய்வு பெற்றவள். சிரிக்க வேண்டாம். நாற்பது வயதைத் தொடவில்லை, ஆனாலும் தாளில் அப்படித்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த வேளாண் சந்தைப்படுத்தல் முகமையின் விலை நிலைப்படுத்தல் பிரிவை மூடினார்கள். விருப்பம் உள்ளவர்கள் முன்கூட்டியே விலகலாம் என்றார்கள், விலகினேன். முன்னாள் ஊழியர்களின் இதழில் பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் முட்டிவலியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, என்னையும் எழுதச் சொன்னார்கள். போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி போனில் கேட்டாள்: "அக்கா, ஒங்க காலத்துல கீழ்க்கோடுன்னு ஒன்னு இருந்துச்சாமே, அது என்னா?" என் காலம்! சரி, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் திரு. சிவபாதம் அறையில் ஒவ்வொரு காய்கறிக்கும் ஒரு வரைபடம் சுவரில் ஒட்டியிருக்கும். மேலே ஒரு பச்சைக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. விலை இரண்டுக்கும் நடுவில் ஆடினால் நாங்கள் சும்மா இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஏறினால் எங்கள் குளிர்கிடங்கிலிருந்து சரக்கை எடுத்து மலிவு விற்பனைக்கு அனுப்ப வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் விவசாயிகளிடமிருந்து நாங்களே வாங்கிக் கிடங்கில் வைக்க வேண்டும். இவ்வளவுதான். வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்தச் சுவரைப் பார்த்தபோது, சாலையோரத்தில் நான் கண்ட கனவை யாரோ எனக்கு முன்பே அழகாக வரைந்து வைத்திருப்பதாக நினைத்தேன்.

பயிற்சிக் காலம் மொத்த சந்தையில் விலை எழுதுவதிலேயே போனது. வெளியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யும் வேலை. போய்க் கேட்டு எழுதினால் முடிந்தது. நான் முதல் வாரம் அப்படித்தான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரு. சிவபாதம் எதையும் அடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். பென்சிலைச் சீவி, தவறு இருக்கும் வரிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுப்பார். என்ன தவறு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் முதல் தாளில் எல்லா வரிக்கும் புள்ளி இருந்தது.

இலங்கையிலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பத்தின் பேரன் அவர். ஆங்கிலத்தில்தான் அலுவலகம் நடத்துவார். மனம் கொஞ்சம் இளகினால் மட்டும் வீட்டில் பழகிய யாழ்ப்பாணத் தமிழ் வெளியே வரும். அன்று வந்தது. "பிள்ளை, நீர் எழுதினது அவையள் சொன்ன விலை. கை மாறின விலை எங்கே?"

அதுதான் முறை. கேட்கக் கூடாது, நிற்க வேண்டும். மிளகாய்க் கூடைகள் இறங்கும் இடத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று, ஒருவர் வாங்கிக் காசு கொடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும். உறவுக்காரருக்கு விற்ற விலையை விட்டுவிட வேண்டும். மழை நாளில் ஈரக் காய் எடை கூடும் என்பதால் கூடையின் அடியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போகும் முதல் தரத்தையும் உள்ளூர்க் காயையும் ஒரே வரியில் எழுதக் கூடாது. முக்கியமாக, ஒரே மூலையில் தினமும் நிற்கக் கூடாது. நின்றால் அந்த மூலையில் மட்டும் விலை நமக்காக நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். இதில் எனக்கு வெறியே வந்துவிட்டது. ஒரு கூடை கை மாறுவதைப் பார்ப்பதற்காக மழையில் நனைந்து நின்றிருக்கிறேன். புள்ளிகள் குறைந்தன. ஒரு நாள் ஒரு புள்ளியும் இல்லாமல் தாள் வந்தது. நான் அந்தத் தாளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு கோடுகளும் ஒன்றல்ல என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

விலை மேல்கோட்டைத் தாண்டினால் திரு. சிவபாதம் தலைமையகத்துக்கு ஒரு போன் போடுவார். மதியத்துக்குள் லோரி கிளம்பிவிடும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் அப்படியல்ல. விலைத் தாள்களை இணைத்து ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். கிடங்கில் இடம் உண்டு என்று ஒருவர் சொல்ல வேண்டும், நிதிப் பிரிவு கருத்துச் சொல்ல வேண்டும், பிறகு குழு கூட வேண்டும். குழுவுக்கு ஆள் சேர வேண்டும். ஏன் இப்படி என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டேன். மிளகாய் விலை ஏறினால் நாடே கத்துகிறது, இறங்கினால் மிளகாய் போட்டவர் மட்டும்தான் கத்துகிறார், அவர் கத்துவது தோட்டத்துக்கு வெளியே கேட்காது என்றார். பிறகு வேறொன்றும் சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் கீழ்க்கோடு அறுந்தபோது, குழுவுக்குக் காத்திருக்காமல் தன் கையெழுத்திலேயே முட்டைக்கோஸ் வாங்கிவிட்டாராம். கிடங்கில் குளிர்பதனம் பழுதாகி எல்லாம் அழுகிப் போனது. தணிக்கைக்காரர்கள் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள், பதவி உயர்வு நின்றது. "அதுக்குப் பிறகுதான் இந்தக் குழு வந்தது" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். அவரைக் கோழை என்று நினைத்துவிடலாம் என்றுதான் கேட்கப் போயிருந்தேன். அதற்கு வழியில்லாமல் போயிற்று.

ஆரோக்கியம் அண்ணனை எனக்குச் சந்தையில்தான் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறியதும் குளுவாங்குக்கு வெளியே ஒருவரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மனைவி ஸ்டெல்லா அக்காவோடு மிளகாய் போட்டார். நான் தாளும் கையுமாக ஓரத்தில் நிற்பதைப் பார்த்து எனக்குக் கிராணியம்மா என்று பெயர் வைத்தது அவர்தான். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுபவர் கிராணி. "என்னா கிராணியம்மா, இன்னிக்கு எங்க வெலய புடிக்க வந்தீங்களா, இல்ல வேடிக்க பாக்கவா?" என்பார். வேடிக்கை பார்க்கத்தான் சம்பளம் என்பேன். "நல்ல வேல லா. எனக்கும் ஒன்னு பாத்து குடுங்க."

ஒரு வருடம் மிளகாய் விலை கண்டபடி ஏறியிருந்தது. அதைப் பார்த்து அடுத்த முறை குளுவாங்கைச் சுற்றி எல்லாரும் மிளகாய் போட்டார்கள். வெள்ளரிக்காய்க்காரர்கள் போட்டார்கள், வாழைக்காரர்கள் போட்டார்கள். எல்லாம் ஒன்றாகப் பழுத்தன. விலை சிவப்புக் கோட்டைத் தொட்டது, கீழே போனது, இன்னும் போனது. சந்தையில் நான் நின்று எழுதியவை எனக்கே நம்ப முடியாதவையாக இருந்தன.

ஆரோக்கியம் அண்ணன் அந்த வாரம் என்னைக் கேலி செய்யவில்லை. தோட்டத்தை வந்து பார்க்கச் சொன்னார், போனேன். வெள்ளி நிறப் பிளாஸ்டிக் போர்த்திய பாத்திகளில் செடி தெரியாத அளவுக்குச் சிவப்பு. பழுத்த காயைப் பறிக்காமல் விட்டால் செடி அடுத்த பூவை உதிர்த்துவிடும். பறித்தாலோ, பறிக்கும் கூலிக்கு விலை காணாது. அது ஒரு பக்கம். நிலத்துக்காரருக்கு அங்கே டுரியான் பழமரம் நட ஆசை. மாதக் கடைசிக்குள் ஆரோக்கியம் அண்ணன் அடுத்த குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டால் விடுவதாகவும், இல்லையென்றால் கன்று இறக்கிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். இந்தப் போகம் விழுந்தால் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?

கீழ்க்கோட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். இப்படி இறங்கினால் நாங்களே வாங்க வேண்டும், அதற்கென்றே ஒரு கோடு இருக்கிறது, முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை.

"வெல ஏறுனப்ப ஒங்க லோரி வந்துச்சு, நான் பாத்தேன். எறங்குனா யாரு வருவா, மிஸ்?"

முதல் முறையாக மிஸ் என்றார்.

"நாங்கதான் அண்ணே வரணும்."

"வருவீங்களான்னு கேக்கல. எப்ப வருவீங்கன்னு சொல்லுங்க. நான் செடிய வச்சிருக்கணுமா, புடுங்கணுமான்னு தெரியணும்."

அன்றிரவே முன்மொழிவை முடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட வேகமாக எதையும் எழுதியதில்லை. மறுநாள் திரு. சிவபாதம் படித்துவிட்டு ஒரே ஒரு புள்ளி வைத்தார். கிடங்கில் குளிர்பதனம் சரிபார்க்கப்பட்ட சான்று இல்லை. அதை ஓடிப் போய் வாங்கி வந்தேன். அவர் அன்றே கையெழுத்திட்டு, தானே தலைமையகத்துக்குக் காரில் கொண்டுபோனார். அவர் அப்படி எதையும் கையில் எடுத்துக்கொண்டு போய் யாரும் பார்த்ததில்லை.

குழு கூடவில்லை. இருவர் வெளியூரில். அடுத்த வாரம் கூடியது. எதிர்ப்பு ஒன்றுமில்லை, நல்ல முன்மொழிவு என்றுகூட ஒருவர் பாராட்டினாராம். ஆனால் இணைத்திருந்த விலைத் தாள்கள் பழையவை. விதிப்படி கூட்டம் நடக்கும் வாரத்தின் விலை வேண்டும். கூட்டம் தள்ளிப் போனதால்தானே பழையதாயிற்று என்று நான் கேட்டேன். கேட்டது எங்கள் அறைச் சுவரிடம்தான். மறுபடி சந்தைக்குப் போய் நின்றேன், மறுபடி கை மாறும் விலையை எழுதினேன். அதற்குள் விலை இன்னும் கீழே போயிருந்ததால் எங்கள் வாதம் இன்னும் பலமாகியிருந்தது. இதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எண்கள் நம் பக்கம் சாயும்போது வரும் படிப்பாளியின் சந்தோஷம் அது.

ஒப்புதல் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மோட்டாரில் போனேன். தோட்டம் திறந்து கிடந்தது. பிளாஸ்டிக் விரிப்புகளைச் சுருட்டி வேலியோரம் அடுக்கியிருந்தார்கள். பிடுங்கிப் போட்ட செடிகளில் காய் சிவப்பு மாறாமல் அப்படியே இருந்தது. ஸ்டெல்லா அக்கா சொட்டுநீர்க் குழாய்களை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். மலாய் நன்றாகப் படிப்பார்.

"நல்லா எழுதியிருக்கீங்க, மிஸ்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அண்ணன் தோட்டத்தின் பின்பக்கம் இருந்தார், வரவில்லை.

மற்றவர்களிடம் வாங்கினோம். மிளகாயை உறையவைத்துக் கிடங்கை நிரப்பினோம். வரைபடத்தில் விலை மெதுவாகச் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏறியது. எங்கள் ஆண்டறிக்கையில் அது வெற்றி. அறிக்கை பொய் சொல்லவில்லை. இன்னும் தோட்டத்தில் நின்றவர்களுக்கு அது உண்மையிலேயே உதவியது. திரு. சிவபாதம் அந்தப் பக்கத்தில் எந்தப் புள்ளியும் வைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தார்.

செடியைப் பிடுங்கியவர் ஆரோக்கியம் அண்ணன் மட்டுமல்ல என்பதால், அடுத்த பருவத்தில் மிளகாய்க்குத் தட்டுப்பாடு வந்தது. விலை பச்சைக் கோட்டைத் தாண்டியது. ஒரு போன். மதியம் லோரி கிளம்பிவிட்டது, உறையவைத்த மிளகாயும், வடக்கிலிருந்து தருவித்த புதுக் காயும் ஏற்றிக்கொண்டு. மாசாய்க்கு நானும் போனேன். தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்குக் கீழே, மோட்டார்களை ஓரம் தள்ளிவிட்டு மேசை போட்டோம். வரிசை சாலைவரை நின்றது. அந்த வரிசையில் ஸ்டெல்லா அக்கா இருந்தார்.

மகள் வீட்டோடு வந்துவிட்டார்களாம். அண்ணனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் வேலை, பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். ஏசி உண்டாம், வெயில் இல்லையாம். ஒரு காயை எடுத்துக் காம்பை ஒடித்து மோந்து பார்த்தார். அந்தப் பழக்கம் போகாது போலும்.

"வெல கொறச்சலாதான் இருக்கு. நல்லதுதான் மிஸ். இப்ப நாங்க வாங்குற பக்கம்."

பையை நீட்டினார். நிரப்பிக் கொடுத்தேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்து போனார்.

அதன் பிறகும் சில வருடங்கள் அங்கே வேலை பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் ஒரு போன் போதும் என்று விதியை மாற்றக் கேட்டுப் பல முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் மரியாதையான பதில் வந்தது. திரு. சிவபாதம் ஓய்வு பெற்றுப் போனார். வரைபடங்கள் சுவரிலிருந்து கணினிக்குப் போயின. அப்போது சிவப்புக் கோட்டை அதில் வரைய யாருக்கும் நினைவு வரவில்லை. கடைசியில் பிரிவே போயிற்று. சந்தையே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எனக்கு வருத்தம் அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. நிலைப்படுத்தல் தோற்றுவிட்டது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் செய்ததோ அதில் பாதியைத்தான். ஏறுவதை மட்டும் நேரத்துக்குப் பிடித்தோம். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அது நிலைப்படுத்தல் ஆகாது, மெதுவாகக் கீழே தள்ளுவது. முழுதாகச் செய்து பார்க்காத ஒன்று தோற்றதாக ஏட்டில் ஏறிவிட்டது.

போனில் கேட்ட பெண்ணுக்கு இதுதான் பதில். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது, எனக்கு முட்டிவலி இன்னும் வரவில்லை.

சில மாதங்களாக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். மூவாரில் உணவுக் கடைகளுக்கெல்லாம் மிளகாய் விழுது அரைத்துப் போடும் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். அவருக்கு வருடம் முழுவதும் மிளகாய் வேண்டும், வருடம் முழுவதும் விலை ஆடினால் அவர் தூக்கம் போகிறது. குளுவாங் விவசாயிகளோடு ஒரே விலை பேசிக்கொள்வது என் திட்டம். சந்தை இறங்கினாலும் அவர் அந்த விலைக்கு வாங்க வேண்டும், ஏறினாலும் இவர்கள் அந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். குழு இல்லை, முன்மொழிவு இல்லை. மூவார்க்காரர் உடனே சரி என்றார். இப்போது மிளகாய் உச்ச விலையில் விற்கிறது, அவர் ஏன் மாட்டேன் என்று சொல்லப்போகிறார்? விவசாயிகள்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இப்போது எதற்கு, விலை இறங்கட்டும் பேசலாம் என்கிறார்கள். இறங்கினால் மூவார்க்காரர் போனை எடுக்க மாட்டார். ஏறியிருக்கும்போது கேட்டால்தான் உண்டு. நல்ல நாளில் கெட்ட நாளை நினைக்க யாருக்கும் மனம் வருவதில்லை, அலுவலகத்துக்கும் வரவில்லை, பாத்திக்கும் வரவில்லை.

நேற்று ஆரோக்கியம் அண்ணனுக்குப் போன் செய்தேன். திரும்பி வரச் சொல்லியல்ல. அந்த நிலத்தில் டுரியான் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. என் திட்டத்தைச் சொல்லி, நீங்களாக இருந்தால் சேர்ந்திருப்பீர்களா என்று கேட்டேன். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசினார்.

"எறங்குனா அவரு வாங்குவாரு, சரி. ஏறுனா நாங்க குடுப்போமா? பொய் சொல்லக் கூடாது கிராணியம்மா, நான் குடுத்திருக்க மாட்டேன். ராத்திரியோட ராத்திரியா சிங்கப்பூர் மொதலாளி தவுக்கேக்கு ஏத்தியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் திட்டத்தின் ஓட்டை அது. எவ்வளவு எழுதினாலும் அடைபடாத ஓட்டை. அப்படியே பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். முழுப் போகமும் வேண்டாம். ஒவ்வொரு பறிப்பிலும் ஒரே ஒரு கூடை மட்டும் மூவாருக்கு. மற்றதை எந்தத் தவுக்கேக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம். விலை செத்துக் கிடக்கும் வாரத்திலும் அந்த ஒரு கூடை போகும், செடியைப் பிடுங்காமல் வைத்துக்கொள்ளப் பறிக்கும் கூலியாவது வரும்.

"ஒரு கூடையா?"

"ஒன்னுதான் அண்ணே."

"அத குடுத்திருப்பேன்" என்றார். பிறகு, "ஏறுனாலும் குடுத்திருப்பேன் லா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குளுவாங் போகிறேன். பறித்து முடித்துக் கூடைகளை அடுக்கும் நேரம் பார்த்து, ஒவ்வொருவராக, அந்த ஒரு கூடையைக் கேட்க.